பாறை மேல் தூண்டில், கண் மேட்டூர் மேல்

குமரிக் கரையில் முட்டத்துப் பாறையில் தூண்டில் போடுகிறவர் ஓதம் பார்த்து உட்காருவார். ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது என்று நிலா சொல்லிவிடும். ஜேடர்பாளையத்துப் பாறையில் உட்காருகிறவருக்கு நிலா உதவாது. அவருடைய ஓதம் மேட்டூர் அணையில் இருக்கிறது.

கடல் வாடையே இல்லாத நாமக்கல் மாவட்டத்தில், பரமத்தி வேலூர் வட்டத்தில், காவிரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது ஜேடர்பாளையம். எதிர்க்கரை ஈரோடு மாவட்டம். ஆற்றின் குறுக்கே ஒரு படுகை அணை, அதை ஒட்டிப் பூங்கா, பூங்காவுக்கு வெளியே மீன் வறுக்கும் கடைகள். ஞாயிற்றுக்கிழமை வருகிற கூட்டம் பெரும்பாலும் இந்த மூன்றோடு திரும்பிவிடுகிறது. அணைக்குக் கீழே, கருங்கல் பாறைகள் தலை நீட்டிக்கொண்டிருக்கும் படுகையில் ஓரோர் ஆளாக உட்கார்ந்திருப்பவர்களை யாரும் கவனிப்பதில்லை. கையில் மூங்கில் குச்சியோ, கடையில் வாங்கிய ராடோ இருக்கும். பக்கத்தில் ஒரு டப்பாவில் நாக்குப்பூச்சி. "கடிக்குதுங்களாண்ணா?" என்று கேட்டால் பெரும்பாலும் தலையாட்டல்தான் பதில். ஆனால் இந்த ஆற்றைப் பற்றி எதையாவது உருப்படியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அவர்கள் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.

மேட்டூரிலிருந்து வரும் காவிரி பவானி, ஈரோடு, பள்ளிபாளையம் தாண்டித் தெற்கு நோக்கி இறங்கி வருகிறது. இந்தப் பகுதியில் ஆற்றின் அடியில் இருப்பது பெரும்பாலும் பாறை. நாமக்கல் கோட்டை உட்கார்ந்திருக்கும் மலையும், கொல்லிமலையும், ஆற்றின் அடியில் தட்டுப்படும் கல்லும் எல்லாம் ஒரே பழைய உறுதியான பாறைக் குடும்பம். வேலூர், மோகனூர் தாண்டிக் கிழக்கே போகப் போக ஆறு அகன்று மணலாகிவிடும். அங்கே வலைக்குத்தான் மவுசு. தூண்டிலுக்கு ஏற்றது பாறைப் படுகை.

ஏன் பாறை? ஓடும் தண்ணீரில் மீன் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்தே முகம் வைத்து நிற்கும். நாள் முழுக்க அப்படி நீந்திக்கொண்டே இருந்தால் சோர்ந்துபோகும். பாறைக்குப் பின்னால் தண்ணீர் வேகம் குறைந்து ஒரு சின்ன அமைதி உண்டாகும். மீன் அங்கே ஒதுங்கி நின்றுகொண்டு, பக்கத்து ஓட்டத்தில் மிதந்து வரும் பூச்சியையும் பாசியையும் எட்டிப் பிடிக்கும். தூண்டிலை நேராக அந்த அமைதியில் போட்டால் மீன் மிரளும். பாறைக்கு மேலே, நீர் வரும் பக்கத்தில் போட்டு, தக்கையை ஓட்டத்தோடு விட்டு, அமைதிக்கும் ஓட்டத்துக்கும் இடையில் இருக்கும் அந்த விளிம்பில் இறங்கவிட வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் ஐந்து நிமிடத்தில் பிரித்துச் சொல்லிவிடலாம். தெரியாதவர் ஆற்றின் நடுவை நோக்கி எவ்வளவு தூரம் வீச முடியுமோ அவ்வளவு தூரம் வீசுவார். தெரிந்தவர் காலடியிலிருந்து நாலைந்து கஜம் தாண்டமாட்டார்.

பாறைகளுக்கு நடுவே தண்ணீர் குடைந்து குடைந்து ஆழமாக்கிய இடங்கள் மடுக்கள். கோடையில் ஆறு வற்றி ஓடைபோல் ஆகும்போது மீன் எல்லாம் இந்த மடுக்களில்தான் அடைந்து கிடக்கும். ஆற்றில் எது தப்பிப் பிழைக்கிறது, எது அழிகிறது என்பது அந்த இரண்டு மூன்று மாதங்களில் மடுவுக்குள் முடிவாகிறது. வைகாசி வெயிலில் ஒரு மடுவைத் தோட்டா வைத்து வெடித்தால் அடுத்த வருடத்துக்கான விதைமீன் அத்தனையும் ஒரே நொடியில் போய்விடும். வெடியும் விஷமும் போட்டு மீன் பிடிப்பது குற்றம் என்று 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே சொல்லிவிட்டது. சட்டத்துக்கு வயது நூற்றிருபதைத் தாண்டிவிட்டது. ஆனால் கோடை மடுவுக்கு அருகில் காவல் நிற்க யாரும் இல்லை.

அணை ஒன்று, தண்ணீர் இரண்டு

ஜேடர்பாளையத்தில் தூண்டில் போட வருகிறவர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது அணைக்கு மேலா, கீழா என்பதை. இரண்டும் ஒரே ஆறுதான். ஆனால் மீன் வேறு, இரை வேறு, பொறுமை வேறு.

அணைக்கு மேலே தண்ணீர் தேங்கி நிற்கிறது. கரையோரம் கோரையும் நாணலும் ஆகாயத்தாமரையும். விரால் இந்தச் செடி நிழலில் பதுங்கி இருக்கும். மேற்பரப்பில் வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகிற மீன் அது. அந்த ஒரு குமிழியைக் கண்டுபிடிப்பதில்தான் விரால் தூண்டிலின் வித்தை முழுக்க இருக்கிறது. ஜிலேபி இங்கே கூட்டம் கூட்டமாகத் திரியும். மைதா உருண்டை, பரோட்டாத் துணுக்கு எதைப் போட்டாலும் கொத்தும். சிறுவர்கள் தூண்டில் பழகுவது ஜிலேபியில்தான்.

கீழே இறங்கினால் வேறு உலகம். அணையைத் தாண்டி விழும் தண்ணீர் காற்றைக் கலந்துகொண்டு நுரைத்து ஓடுகிறது. கெண்டைகளுக்கு இந்த ஓட்டம் பிடிக்கும். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிருகால் அடித்தளத்தில். ஒரே மடுவில் மூன்றும் இருந்தாலும் தக்கையை எவ்வளவு ஆழத்துக்கு வைத்துக் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எது வரும் என்பது. பாறை இடுக்கில் ஆரால். பொழுது சாய்ந்த பிறகு வாளையும் கெளுத்தியும். கோழிக்குடல் கோத்து அடித்தளத்தில் இறக்கிவிட்டு, தூண்டில் நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு காத்திருப்பார்கள். கெளுத்தியைத் தூக்கியதும் வெறுங்கையால் பிடிக்காதீர்கள். முதுகிலும் பக்கவாட்டிலும் இருக்கும் முள் குத்தினால் இரவு முழுக்கக் கை எரியும்.

இந்த அணையின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 17ஆம் நூற்றாண்டில் பரமத்தியைத் தலைமையிடமாகக் கொண்டு ஆண்ட குறுநில மன்னர் அல்லாள இளைய நாயக்கர்தான் காவிரியிலிருந்து ராஜா வாய்க்காலை வெட்டியவர் என்று இந்த வட்டாரம் போற்றுகிறது. அவருக்கு இங்கே சிலை இருக்கிறது, தை முதல் நாளில் அரசு சார்பில் மரியாதை செய்கிறார்கள். ஜேடர்பாளையத்தில் பிரியும் ராஜா வாய்க்கால், அதோடு சேர்ந்த கொமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்கள் எல்லாமாகச் சுமார் 16 ஆயிரம் ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. வேலூர் வெற்றிலை, வாழை, பிலிக்கல்பாளையம் சந்தைக்கு வெல்லமாக வந்து சேரும் கரும்பு எல்லாம் இந்தத் தண்ணீரில் விளைந்தவை. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் ஆற்று மீனும் கூடவே ஊருக்குள் போகும். வயலோர மதகில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கெண்டைப்பொடி பிடிப்பதெல்லாம் அந்தக் கணக்கு.

வாய்க்காலுக்குத் தண்ணீர் ஏற வேண்டும் என்றால் ஆற்றை மறித்தே ஆக வேண்டும். அதில் வாதம் இல்லை. ஆனால் மறித்த இடத்தில் மீனும் மறிபடுகிறது. புதுத்தண்ணீர் வந்ததும் கெண்டைகள் இனப்பெருக்கத்துக்காக மேலே ஏறப் பார்க்கும். அணையின் கீழ்த்தளம் வரை வந்து, ஏற வழியில்லாமல் முட்டிக்கொண்டு திரளும். ஆற்றிலேயே சுலபமாக மீன் கிடைக்கும் நேரம் அதுதான், இடமும் அதுதான். வலை வீசுகிறவர், தூண்டில் போடுகிறவர், சும்மா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையால் துழாவுகிறவர் என எல்லாரும் அங்கே நிற்பார்கள். பிடிபடுவதில் பெரும்பகுதி சினை மீன். என் மனது ஒப்பாத மீன்பிடிப்பு இது. காத்திருந்து, தேடி, மீனின் போக்கைப் புரிந்து பிடிப்பது தூண்டில். வாசல் அடைத்த வீட்டின் முன்னால் நிற்பவரைப் பிடிப்பதில் என்ன இருக்கிறது?

தண்ணீர் எப்போது வரும்?

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு நீர்மட்டம் 120 அடி. அதற்கு முன்பு இந்தப் பாறைப் படுகையின் காலண்டர் குடகில் இருந்தது. தென்மேற்குப் பருவமழை அங்கே வலுத்தால் சில நாளில் இங்கே செந்நிறத் தண்ணீர் வரும். ஆடிப்பெருக்கு என்பது பெயருக்கு ஏற்ற பெருக்காகவே இருந்தது. இப்போது டெல்டா பாசனத்துக்காக ஜூன் 12 திறப்பது, ஜனவரி 28 மூடுவது என்பது மேட்டூரின் மரபு. கர்நாடக அணைகள் நிரம்பாத வருடங்களில் திறப்பு தள்ளிப்போகும். குடிநீருக்கு மட்டும் கொஞ்சம் விடுவார்கள்.

அதனால் ஜேடர்பாளையத்துத் தூண்டில்காரர் நாளிதழைப் பிரித்தால் முதலில் பார்ப்பது பிலிகுண்டுலு நீர்வரத்தும் மேட்டூர் நீர்த்திறப்பும்தான். சினிமா, அரசியல் எல்லாம் பிறகு. திறப்பு கூடினால் ஆறு கலங்கும், மீன் நகரும், இரண்டு மூன்று நாள் ஒன்றும் கடிக்காது, பிறகு கரையோரத்தில் கடிக்கத் தொடங்கும். திறப்பு குறையும்போது மீன் மெல்ல மடுவுக்கு இறங்கும். இறங்குமுகமாகத் தெளிந்து வரும் தண்ணீர்தான் சிறந்த தண்ணீர் என்பது இங்கே எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஒரே விஷயம்.

மேட்டூரோடு முடிந்துவிடவில்லை. அதற்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள். தண்ணீரைத் தேக்கி மின்சாரம் எடுத்துவிட்டு விடுகிறார்கள். காலையில் கணுக்கால் அளவு நனைத்துக் கடந்துபோன பாறைக்கு மதியம் திரும்பி வர வழி இருக்காது. மழை ஒரு சொட்டு இல்லாத பளிச்சென்ற நாளிலும் இப்படி நடக்கலாம் என்பது வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அணையின் மேல் வழிந்து விழும் தண்ணீர் அடித்தளம் வரை பாய்ந்து, அங்கிருந்து மேலெழுந்து, மேற்பரப்பில் அணையை நோக்கியே திரும்பி இழுக்கும். பார்ப்பதற்கு இடுப்பளவு நுரைதான். உள்ளே விழுந்தவரை அந்தச் சுழல் திரும்பத் திரும்ப அணையின் காலடிக்கே கொண்டுபோகும். நீச்சல் தெரிந்தவர்களும் அதில் போயிருக்கிறார்கள். காவிரியின் தடுப்பணைகளில் நடக்கும் உயிரிழப்புகளில் பல இந்த நுரையை நம்பியதால் நடப்பவை. பாசி படிந்த பாறை அடுத்த ஆபத்து. ரப்பர் செருப்போடு வருகிறவர்களைப் பார்த்தால் அனுபவசாலிகள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் வெறுங்காலோடு நிற்பார்கள், காய்ந்த பாறையில் மட்டுமே நிற்பார்கள், ஏறும்போதே இறங்கும் வழியைப் பார்த்து வைத்திருப்பார்கள். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூரிலிருந்து வினாடிக்கு இரண்டு லட்சம் கன அடியை ஒட்டித் தண்ணீர் வந்தபோது இந்தப் பாறைகள் அத்தனையும் தண்ணீருக்கு அடியில் இருந்தன. வெள்ளம் வடிந்தபின் சில மடுக்கள் மணல் மூடிப் போயின, சில புதிதாகத் திறந்தன. பழைய ஆட்களே மறுபடி முதலிலிருந்து ஆற்றைப் படிக்க வேண்டியிருந்தது.

இல்லாமல் போன மீன்கள்

காவிரிக்கே சொந்தமான மீன்கள் சில உண்டு. கருமுழிக் கெண்டை அப்படிப்பட்டது. 1849இல் ஜெர்டன் என்ற மருத்துவர் தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றி எழுதியபோது அதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். சேல்கெண்டையும் இந்த ஆற்றின் பழைய குடி.  கடலிலிருந்து உள்ளம் மீன் காவிரியில் ஏறி வந்த காலமும் இருந்தது. வங்காளத்தார் ஹில்சா என்று கொண்டாடும் அதே மீன். அணைக்கட்டுகளும் மேட்டூரும் வந்தபின் அந்தப் பயணம் முடிந்தது. விலாங்கு அதற்கு நேர்மாறு. ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போக வேண்டிய மீன். அதற்கும் இடையில் அத்தனை தடை.

எல்லாவற்றுக்கும் மேல் மகசீர். காவிரிப் படுகைக்கே உரிய முதுகு உயர்ந்த மகசீர், உலகின் மிகப் பெரிய நன்னீர் மீன்களில் ஒன்று. மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் குடும்பத்தில் ஒருவர் 1946இல் கபினி ஆற்றில் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஹென்றி சலிவன் தாமஸ் என்ற அதிகாரி 1873இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதில் மகசீருக்குத்தான் முதல் மரியாதை. இவ்வளவு பேர் பெற்ற மீனுக்கு உறுதியான அறிவியல் பெயர் கிடைத்தது 2018இல்தான். கேரளத்துப் பாம்பாற்றில் கண்டு விவரிக்கப்பட்டிருந்த டோர் ரெமாதேவி என்ற இனமும் இதுவும் ஒன்றே என்று அந்த ஆண்டு ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அதே ஆண்டில் அது மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள இனம் என்று சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். மகசீர் இன்னும் தென்படும் மோயாறு, பவானிசாகர் வழியாகப் பவானி ஆற்றோடு கூடுதுறையில் காவிரியில் சேர்கிறது. அது ஜேடர்பாளையத்துக்கு மேலே. பாம்பாறு அமராவதியாகி, கரூரைக் கடந்து காவிரியில் கலக்கிறது. அது ஜேடர்பாளையத்துக்குக் கீழே. ஒரு மீனின் கடைசிப் புகலிடங்களில் இரண்டுக்கு நடுவில் இந்த ஊர்ப் பாறைகள் கிடக்கின்றன. ஆனால் இங்கே தூண்டில் போடுகிற இளைஞர்கள் பலர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை.

அந்த இடத்தில் இன்று யார் இருக்கிறார்கள்? ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட ஜிலேபி. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நாட்டுக் கெண்டைக்கு முட்டையிட வெள்ளம் வேண்டும், ஏறிப்போக வழி வேண்டும், வருடத்தில் ஒரு பருவம் வேண்டும். ஜிலேபிக்கு இது எதுவும் வேண்டாம். பெண் மீன் முட்டையை வாய்க்குள்ளேயே அடைகாத்துக் குஞ்சுகளைக் காப்பாற்றும், வருடத்தில் பலமுறை பெருகும், அசுத்தமான தண்ணீரையும் தாங்கும். நாம் ஆற்றைத் தேக்கி, கதவு போட்டு, சாயக்கழிவையும் சாக்கடையையும் விட்டு, ஜிலேபிக்கு ஏற்ற ஆறாக மாற்றிவிட்டோம். ஜிலேபியைக் குறை சொல்லி என்ன? வீட்டில் மீன் தொட்டி கழுவ வாங்கி, வளர்ந்ததும் ஆற்றில் கொட்டிவிடுகிறார்களே, அந்த முரட்டு ஓடுடைய சக்கர் மீனும் இப்போது சேர்ந்துகொண்டது. தின்னவும் ஆகாது, வலையையும் கிழிக்கும், கரையையும் குடையும். தூண்டிலில் அது மாட்டினால் திரும்ப ஆற்றில் விடாதீர்கள்.

மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020இல் வந்தபிறகு காவிரியில் நாட்டின மீன்குஞ்சுகளை விடும் பணி நடக்கிறது. நல்ல காரியம். ஆனால் குஞ்சு விடுவதும் அது வளர்ந்து பெருக வழிவிடுவதும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவின் முர்ரே ஆற்றில் கடல்வாயிலிருந்து ஹியூம் அணை வரை சுமார் 2,200 கிலோமீட்டருக்கு, குறுக்கே இருந்த தடுப்பணைகள் ஒவ்வொன்றிலும் மீன் ஏறிச் செல்ல வழி அமைத்தார்கள். அங்கேயும் பாசனம் நிற்கவில்லை, மின்சாரம் நிற்கவில்லை. உயரம் குறைந்த படுகை அணைகளுக்கு உலகம் முழுக்கச் செய்யும் எளிய வழி, அணையின் ஓர் ஓரத்தில் பெருங்கற்களை அடுக்கி மெல்லச் சாய்ந்து இறங்கும் ஒரு பாதை அமைப்பது. கல்லுக்குக் கல் இடையே தண்ணீர் தயங்கித் தயங்கி இறங்கும், மீன் கல்லுக்குக் கல் இளைப்பாறி ஏறும். ஜேடர்பாளையத்தில் கல்லுக்குப் பஞ்சமா?

வாய்க்கால்களைச் சீரமைக்கும் வேலைகள் இந்த வட்டாரத்தில் தொடர்ந்து நடக்கின்றன. அணையிலும் எப்போதாவது வேலை வரும். அப்போது நீர்வளத் துறையும் மீன்வளத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்தக் கல் பாதையைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். எந்தப் பக்கக் கரையில் அமைப்பது என்பதைத் தீர்மானிப்பதற்கு முன்னால், புதுத்தண்ணீரில் கெண்டை எந்த இடத்தில் வந்து முட்டுகிறது என்று பாறையில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்க வேண்டும். அதை அவர்கள் விரல் நீட்டிக் காட்டுவார்கள். கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: திறப்பு கூடும்போது ஒலிக்க ஒரு சைரன் அணையில் வேண்டும், முதல் வெள்ளம் வந்த ஒரு மாதத்துக்கு அணையின் காலடியில் வலையும் தூண்டிலும் கூடாது என்று ஒரு பலகை வேண்டும், அந்தப் பலகையை மதிக்க வைக்க ஓர் ஆளும் வேண்டும்.